ஓசியாவின் மூத்த மகன் யெஸ்ரயேல்: இரத்தப்பழியா, விதைப்பா?

மார்ட்டின்_தூத்துக்குடி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வாலிபர் கூட்டத்தில் இப்போது ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகம் படிக்கிறோம். முதல் அதிகாரத்திலேயே நின்றுவிட்டோம். ஓசியாவுக்குப் பிறந்த பிள்ளைக்கு யெஸ்ரயேல் என்று பேரிடும்படி 1:4-இல் கர்த்தர் சொல்கிறார். காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடுகிறார்: யெஸ்ரயேலின் இரத்தப்பழியை யெகூவின் வீட்டாரிடத்தில் விசாரிக்கப் போகிறார், இஸ்ரவேலின் ராஜ்யத்தை ஒழிக்கப் போகிறார். ஆனால் அகராதியைத் திறந்தால் பெயரின் அர்த்தம் ‘தேவன் விதைக்கிறார்’ என்று இருக்கிறது. இரத்தப்பழிக்கும் விதைப்புக்கும் என்ன சம்பந்தம்?

தங்கைக்கும் தம்பிக்கும் இந்தச் சிக்கல் இல்லை. லோருகாமா என்றால் இரக்கம் பெறாதவள், லோகம்மீ என்றால் என் ஜனமல்ல. பெயரைச் சொன்னாலே செய்தி வந்துவிடுகிறது. மூத்தவன் பெயர் மட்டும் செய்தியோடு ஒட்டவே இல்லை. கூட்டத்தில் ஒருவர் இதை அபசகுனமான பெயர் என்கிறார், இன்னொருவர் ஆசீர்வாதமான பெயர் என்கிறார். இரண்டு பேரிடமும் வசனம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு இந்தப் பெயரை வைக்கலாமா என்ற கேள்வியும் வந்தது. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

ஜெனிட்டா

பிரதர், அகராதி சொல்வது சரிதான். எபிரேயத்தில் ‘சாரா’ என்றால் விதைத்தான், ‘ஏல்’ என்றால் தேவன். இரண்டும் சேர்ந்ததுதான் பெயர். ஆனால் முதல் அதிகாரத்தோடு நிறுத்தினால் விடை கிடைக்காது, இரண்டாம் அதிகாரம் கடைசி வரைக்கும் படித்துப் பாருங்கள். சாயங்காலம் விவரமாக எழுதுகிறேன்.

வேதமாணவன்

ஜெனிட்டா சிஸ்டர் சொன்னது சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் எண்ணம்.

பெயர் என்றதும் நாம் அர்த்தத்தைத் தேடுகிறோம். சபைகளில் அப்படித்தான் பழகியிருக்கிறோம், பெயர்களின் அர்த்தப் பட்டியல் இல்லாத வேதாகமக் குறிப்புப் புத்தகமே கிடையாது. ஆனால் ஓசியா அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமாரியாவின் தெருவில் போய், ‘இவன் பெயர் யெஸ்ரயேல்’ என்று சொன்னபோது, கேட்டவன் மனதில் விதைப்பு வந்திருக்குமா? வந்திருக்காது. அவனுக்கு அது ஒரு ஊர். அவன் தாத்தா காலத்தில் ரத்தம் ஆறாக ஓடிய ஊர். ஹிரோஷிமா என்ற பெயருக்கு ஜப்பானிய மொழியில் ‘அகன்ற தீவு’ என்று பொருள். 1945-க்கு அப்புறம் அந்தப் பெயரைக் கேட்கிற யாருக்கும் தீவு நினைவுக்கு வருவதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

அந்த ஊரில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். இஸ்ரவேலின் ராஜா ஆகாபுக்குத் தலைநகரான சமாரியாவில் ஒரு அரண்மனை, யெஸ்ரயேலில் இன்னொரு அரண்மனை. யெஸ்ரயேல் அரண்மனைக்குப் பக்கத்தில்தான் நாபோத்தின் திராட்சத்தோட்டம். பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்கமாட்டேன் என்று அவன் சொன்னதற்காக, பொய்ச்சாட்சி வைத்து அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள் (1 இராஜாக்கள் 21). அவன் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள் என்பது அந்த அதிகாரத்தில் இல்லை. 2 இராஜாக்கள் 9:26-இல், யெகூவின் வாயால்தான் அது நமக்குத் தெரிய வருகிறது. பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிற வசனம் அது.

பிறகு படைத்தலைவன் யெகூ வருகிறான். ராமோத்கீலேயாத்தில் சீரியரோடு நடந்த போரில் காயப்பட்ட ஆகாபின் மகன் ராஜா யோராம், யெஸ்ரயேலில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறான். யெகூ இரதத்தை வேகமாக ஓட்டிக்கொண்டு வருவதைக் கோபுரத்தில் நிற்கிற ஜாமக்காரன் பார்த்துச் சொல்கிறான். நாபோத்தின் நிலத்திலேயே யோராம் அம்பு பாய்ந்து விழுகிறான். அவனோடு இருந்த யூதாவின் ராஜா அகசியாவும் தப்பவில்லை. ஆகாபின் மனைவி யேசபேலை ஜன்னலிலிருந்து தள்ளுகிறார்கள். சமாரியாவில் இருந்த ஆகாபின் எழுபது குமாரரின் தலைகளைக் கூடைகளில் வைத்து யெஸ்ரயேலுக்கு அனுப்புகிறார்கள். அவற்றை ஊர் வாசலில் இரண்டு குவியலாக இரவு முழுவதும் வைத்திருக்கிறார்கள் (2 இராஜாக்கள் 10:7, 8). அதற்கும் பிறகு, அந்த ஊரில் ஆகாபின் வீட்டாரில் மீந்திருந்தவர்கள், அவனுடைய பெரியவர்கள், சிநேகிதர்கள், ஆசாரியர்கள் ஒருவர்விடாமல் வெட்டப்படுகிறார்கள் (10:11).

ஓசியா பேசும்போது சிங்காசனத்தில் இருப்பவன் இரண்டாம் யெரொபெயாம். யெகூவின் கொள்ளுப்பேரன். அந்த வம்சம் ஆட்சிக்கு வந்த நாளின் பெயரை ஒரு கைக்குழந்தைக்கு வைத்து, அரண்மனை இருக்கிற ஊரிலேயே கூப்பிட்டுக்கொண்டு திரிவது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று யோசித்துப் பாருங்கள். தாய் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அந்த நாள் கூப்பிடப்படுகிறது. ஆகவே 1:4-இல் பெயர் வேலை செய்வது ஊர்ப்பெயராக. அகராதி அர்த்தம் அங்கே இன்னும் தூங்குகிறது.

சாலமோன்_ஐயா

தம்பி வேதமாணவன் நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் பல வருஷமாக என்னை உறுத்துகிற கேள்வி ஒன்று இதில் இருக்கிறது. ஆகாபின் வீட்டை அழிக்கும்படி யெகூவை அபிஷேகம் பண்ண ஆள் அனுப்பியது யார்? எலிசா. அனுப்பச் சொன்னவர் கர்த்தர். 2 இராஜாக்கள் 10:30-இல் கர்த்தரே அவனிடம், என் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தாய், உன் குமாரர் நாலு தலைமுறையாய் இஸ்ரவேலின் சிங்காசனத்தில் வீற்றிருப்பார்கள் என்று சொல்கிறார். அப்படியானால் அதே காரியத்துக்கு ஓசியாவில் பழி விசாரிப்பது எப்படி? பிரசங்கத்தில் இதைத் தொடாமல் போகலாம். வேதபாடத்தில் பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

நெகேமியா_க

ஐயா, இதற்கு வழக்கமாக மூன்று விதமாகப் பதில் சொல்வார்கள்.

ஒன்று, யெகூ கட்டளையைத் தாண்டிப் போனான் என்பது. அவனுக்குச் சொல்லப்பட்டது ஆகாபின் வீடு மட்டும். அவனோ யூதாவின் ராஜாவையும், வழியில் பார்த்த அகசியாவின் சகோதரர் நாற்பத்திரண்டு பேரையும் கொன்றான். இதில் ஒரு சிக்கல். அகசியாவின் தாய் அத்தாலியாள் ஆகாபின் வீட்டுப் பெண். தாய்வழியில் பார்த்தால் அகசியாவும் அந்த வீட்டுப் பிள்ளைதான். 2 நாளாகமம் 22:7 அவன் சாவையும் தேவனால் வந்ததாகவே சொல்கிறது. அதனால் இந்தப் பதில் பாதி தூரம்தான் போகிறது.

இரண்டாவது பதில், யெகூ நல்ல காரியத்தைத் தவறான இருதயத்தோடு செய்தான் என்பது. ஆகாபின் பாகாலை அழித்தான், ஆனால் பெத்தேலிலும் தாணிலும் இருந்த பொற்கன்றுக்குட்டிகளின் வழிபாட்டைக் கைவிடவில்லை (10:29, 31). மற்றவனுடைய பாவத்துக்காக அவனைக் கொன்றுவிட்டு, தானும் பாவத்திலே நடந்தால் கையில் இருப்பது நியாயத்தீர்ப்பு இல்லை, கொலைதான். ஏசாயா 10-இல் அசீரியாவுக்கு நடப்பதும் இதே. கர்த்தர் கையிலிருக்கிற கோல் அது, இருந்தும் அந்தக் கோலும் பிறகு தண்டிக்கப்படுகிறது. எனக்கு இது அதிகம் பொருந்துவதாகத் தெரிகிறது.

மூன்றாவது மொழியைப் பிடித்துப் போகிற பதில். நம் வேதாகமம் ‘விசாரித்து’ என்று சொல்கிற இடத்தில் எபிரேயத்தில் ‘பாகாத்’ என்ற வினை இருக்கிறது. போய்ப் பார்ப்பது, கணக்குக் கேட்பது, ஒன்றை ஒருவர்மேல் வரப்பண்ணுவது என்று அதற்குப் பல பயன்பாடு. ஆகவே, யெஸ்ரயேலில் ஆகாபின் வீட்டுக்கு வந்த அதே இரத்தம் இப்போது யெகூவின் வீட்டின்மேல் வரும் என்றும் அந்த வரியை வாசிக்கலாம். அப்போது அது யெகூ செய்ததைக் குற்றம் என்றோ புண்ணியம் என்றோ தீர்க்காது. அந்த வீடும் அதேபோல் முடியும் என்று மட்டும் சொல்லும்.

அப்படித்தான் முடிந்தது. இரண்டாம் யெரொபெயாமின் மகன் சகரியா ஆறு மாதம் ஆண்டான். சல்லூம் அவனை ஜனத்தின் முன்பாக வெட்டிப்போட்டான். நாலாம் தலைமுறை அதோடு சரி (2 இராஜாக்கள் 15:8-12). ஒரு தகவல்: பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் பிரதிகளில் ஒரு வகையில் ‘ஜனத்தின் முன்பாக’ என்பதற்குப் பதிலாக ‘இப்லேயாமில்’ என்று இருக்கிறது. இப்லேயாம் யெஸ்ரயேல் சமவெளியின் தெற்கு ஓரத்தில் இருக்கிற ஊர், அகசியா அடிபட்ட இடம் அதற்குப் பக்கத்தில்தான். அந்தப் பாடம் மூலமாக இருந்தால், யெகூவின் வீடு தொடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே முடிந்திருக்கிறது.

சாலமோன்_ஐயா

மூன்றாவது விளக்கத்தை நான் இதற்குமுன் கேட்டதில்லை தம்பி. நன்றி. ஆனாலும் ‘இரத்தம்’ என்ற சொல் எபிரேயத்தில் பன்மையில் வரும்போது சிந்தப்பட்ட இரத்தம், இரத்தப்பழி என்ற அர்த்தம் பலமாக வரும் என்று படித்திருக்கிறேன். இங்கே பன்மைதான். நாபோத் தொடங்கி எழுபது பேர்வரை எல்லாருடைய இரத்தமும் அந்த ஒரு பெயரில் சேர்ந்து கிடக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. தேவன் ஒருவனைப் பயன்படுத்தினார் என்பதால் அவன் சிந்திய இரத்தம் தண்ணீராகிவிடாது.

மண்மேடு

நான் சபைக்குப் போகிறவன் இல்லை, பழைய வரலாறு படிக்கிற ஆர்வத்தில் இந்த இழைக்கு வந்தேன். இந்தக் கதையின் ஆட்களில் சிலர் வேதாகமத்துக்கு வெளியிலும் கிடைக்கிறார்கள், அதைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

யெகூ: 1846-இல் லேயார்டு என்பவர் நிம்ருத்தில் தோண்டி எடுத்த கறுப்புக் கல் தூண் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசீரிய அரசன் மூன்றாம் சல்மனாசாருடையது. அதில் ஒருவர் மண்டியிட்டுத் தரையில் முகம்படக் குனிந்திருக்கிறார், மேலே ‘உம்ரியின் மகன் யெகூ’ கொடுத்த கப்பம் என்று எழுதியிருக்கிறது. ஆகாபின் தகப்பன் உம்ரியின் வீட்டை அழித்தவனையே அசீரியர் உம்ரியின் மகன் என்கிறார்கள், ஏனென்றால் அந்த நாட்டையே அவர்கள் உம்ரியின் பெயரால்தான் அறிந்திருந்தார்கள். கப்பம் கொடுத்தது கி.மு. 841. அதாவது யெஸ்ரயேல் படுகொலைக்குப் பிறகு வெகு சீக்கிரத்தில்.

அடுத்தது தாண் கல்வெட்டு. 1993-லும் 1994-லும் துண்டு துண்டாகக் கிடைத்தது. அரமேய மொழி. எழுதிய அரசனின் பெயர் உடைந்துபோயிருக்கிறது, சீரியாவின் ஆசகேல் என்பதே பெரும்பான்மைக் கருத்து. இஸ்ரவேலின் ராஜாவையும் தாவீதின் வீட்டு ராஜாவையும் கொன்றது தான் என்று அவன் சொல்லிக்கொள்கிறான். மீந்திருக்கும் எழுத்துகளை யோராம், அகசியா என்று நிரப்புகிறார்கள். 2 இராஜாக்கள் 9 அதே இருவரையும் கொன்றவன் யெகூ என்கிறது. யெகூவின் கிளர்ச்சிக்குப் பின்னால் சீரியாவின் ஆதரவு இருந்ததா, இல்லை ஆசகேல் போரில் தன்னால் பலவீனமானவர்களின் சாவுக்குத் தானே பெயர் வாங்கிக்கொண்டானா என்று பெரிய விவாதமே நடக்கிறது. யார் வில்லை வளைத்தார்கள் என்பது எப்படியிருந்தாலும், அந்த ஆண்டில் இரண்டு ராஜாக்கள் செத்தார்கள் என்பதை எதிரியின் கல்லே சொல்கிறது.

அப்புறம் அந்த ஊர். கில்போவா மலையின் வடமேற்கு ஓரத்தில் ஒரு மேடு. கீழே சமவெளி விரிந்து கிடக்கிறது. 1990 முதல் 1996 வரை டேவிட் உசிஷ்கினும் ஜான் வுட்ஹெட்டும் அங்கே அகழாய்வு செய்தார்கள். ஏறத்தாழ 290 மீட்டர் நீளத்தில் ஒரு பெரிய செவ்வக மதில், மூலைகளில் கோபுரங்கள், பாறையை வெட்டித் தோண்டிய அகழி. உம்ரியின் வம்சம் கட்டிய ராணுவத் தளம் என்று அவர்கள் சொன்னார்கள். கட்டி அதிக காலம் நிலைக்காமல் அழிந்திருக்கிறது. ஜாமக்காரன் கோபுரத்தில் நின்று தூரத்தில் வருகிற இரதத்தைப் பார்த்தான் என்ற வரி, கிழக்கே யோர்தான் பக்கம் இறங்கும் பள்ளத்தாக்கை அந்த மேட்டிலிருந்து பார்த்தவருக்கு உடனே புரியும் என்பார்கள். ராமோத்கீலேயாத்திலிருந்து வருகிற வழி அதுதான்.

பெயரைப் பற்றி இழை என்பதால் கடைசியாக ஒன்று. 1948 வரை அந்த மேட்டில் இருந்த பாலஸ்தீனக் கிராமத்தின் பெயர் ஸிரீன். அது யெஸ்ரயேல் என்ற பெயர்தான், அரபு நாக்கில் தேய்ந்தது. ‘ஏல்’ என்ற முடிவு ‘ஈன்’ ஆகிவிட்டது. பெத்தேல் என்ற ஊர் பேத்தீன் ஆனதும் இதே மாதிரி. 1948 போரில் அந்தக் கிராமத்து மக்கள் ஊரை இழந்தார்கள். அதே ஆண்டில் அதன் நிலத்தில் யெஸ்ரயேல் என்ற பெயரிலேயே ஒரு கிபுட்ஸ் (யூதக் கூட்டுப்பண்ணைக் குடியிருப்பு) எழுந்தது. அந்தப் பெயரைச் சுற்றி நிலத்துக்கான வலி இன்றைக்கும் தீரவில்லை.

ஜெனிட்டா

நேற்று சொன்னபடி எழுத முடியவில்லை, மன்னிக்கவும். மண்மேடு சார், அந்தக் கடைசிப் பத்தி மனதைப் பிசைந்தது.

இப்போது இரண்டாம் அதிகாரம். அங்கே இஸ்ரவேலுக்கு அடையாளமாகச் சொல்லப்படும் மனைவி மேல் உள்ள குற்றச்சாட்டு என்ன? தனக்கு அப்பம், தண்ணீர், ஆட்டுமயிர், சணல், எண்ணெய் எல்லாம் கொடுப்பவர்கள் நேசர்கள் என்று அவள் நினைக்கிறாள் (2:5). ‘தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் கொடுத்தவர் நானே என்று அவள் அறியாமற்போனாள்’ என்பது கர்த்தரின் மனவேதனை (2:8). அந்த நேசர்கள் பாகால்கள். பாகால் என்றால் வெறும் ஒரு சிலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கானானியருக்கு அவன் மழையின் தேவன், மேகத்தில் ஏறி வருபவன். சீரியாவின் கடற்கரையில் உகாரித் நகரத்தில் 1929 முதல் தோண்டி எடுத்த களிமண் பலகைகளில் அந்தக் கதைகளெல்லாம் இருக்கின்றன. பாகால் செத்தால் வயலின் உழவுசால்கள் காய்ந்துபோகும், அவன் உயிர்த்தால் மழை வரும். வானம் பார்த்த பூமியில் விவசாயம் செய்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய ஈர்ப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் ஓசியாவின் முழுச் சண்டையும் ஒரே கேள்வியில் நிற்கிறது: இந்த நிலத்தில் விதைக்கிறவர் யார்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு 2:21-23 வாசியுங்கள். கர்த்தர் வானங்களுக்கு மறுமொழி கொடுப்பார், வானம் பூமிக்கு, பூமி தானியத்துக்கும் திராட்சரசத்துக்கும் எண்ணெய்க்கும், அவை யெஸ்ரயேலுக்கு. எட்டாம் வசனத்தில் அவள் அறியாமற்போன அதே மூன்றும் இங்கே அதே வரிசையில் திரும்பி வருகின்றன. சங்கிலியின் கடைசியில் யெஸ்ரயேல் நிற்கிறது. உடனே அடுத்த வசனம், ‘நான் அவளை எனக்கென்று பூமியிலே விதைப்பேன்’ என்று தொடங்குகிறது. எபிரேயத்தில் பெயருக்குள் இருக்கிற அதே வினை. முதல் அதிகாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது என்று வேதமாணவன் சொன்னாரே, அந்த அர்த்தத்தை இங்கேதான் தீர்க்கதரிசி எழுப்புகிறார். அதுவரை ஊர்ப்பெயராக இருந்தது இப்போது ஒரு வாக்கியமாகப் பேசுகிறது: தேவன் விதைக்கிறார், பாகால் அல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. மற்ற இரண்டு பிள்ளைகளின் பெயரும் மாற்றப்படுகிறது. ‘லோ’ என்ற இல்லை-சொல் கழன்று, லோகம்மீ அம்மீ ஆகிறான், லோருகாமா ருகாமா ஆகிறாள் (2:1). நம் பழைய தமிழ் வேதாகமம் அந்தப் பெயர்களை அப்படியே எழுத்துப்பெயர்த்திருப்பதால் நமக்கும் அது காதில் விழுகிறது. ஆனால் மூத்தவன் பெயரில் கழற்ற ஒன்றும் இல்லை. ஒரு எழுத்துகூட மாறாமல் தண்டனைப் பெயர் வாக்குத்தத்தப் பெயராகிறது. முதலிலிருந்தே இரண்டும் அதற்குள் இருந்திருக்கிறது.

வில்லையும் கவனியுங்கள். 1:5-இல் யெஸ்ரயேல் பள்ளத்தாக்கில் இஸ்ரவேலின் வில் முறிக்கப்படும், அது தோல்வி. 2:18-இல் வில்லும் பட்டயமும் யுத்தமும் தேசத்தில் இல்லாதபடி முறிக்கப்படும், ஜனங்கள் பயமில்லாமல் படுத்துக்கொள்வார்கள். முறிவு அதே முறிவு. பெயருக்கு நடப்பதுதான் வில்லுக்கும் நடக்கிறது.

அலெப்_பேத்

அருமை அக்கா. எழுத்தைப் பார்த்துக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

பெயரின் அமைப்பு ‘வினை + ஏல்’. இஸ்மவேல் (தேவன் கேட்கிறார்) என்ற பெயரும் இதே வார்ப்பு. இந்த வகையில் வினையை ‘செய்கிறார்’ என்றும் எடுக்கலாம், ‘செய்வாராக’ என்று விண்ணப்பமாகவும் எடுக்கலாம். முதலில் அந்த ஊருக்கு இந்தப் பெயரை வைத்தவர்கள் ‘தேவன் விதைப்பாராக’ என்று ஒரு ஜெபமாகவே வைத்திருக்கலாம். செழிப்பான சமவெளிக்கு அது பொருத்தம்தான்.

இரண்டாவது, ஒலி. எபிரேயத்தில் யிஸ்ரெயேல் (இந்த ஊர்), யிஸ்ராயேல் (இஸ்ரவேல்) இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் நடுவில் வருவது ‘ஜாயின்’ என்ற அதிர்வொலி, அதோடு தொண்டையிலிருந்து வரும் ‘அயின்’ கூட இருக்கிறது. இரண்டாவதில் சாதாரண ஸகரம். அவ்வளவுதான் வித்தியாசம். 1:4, 5 வசனங்களில் இந்த இரண்டு பெயரும் மாறி மாறி வருகின்றன. குழந்தையைக் கூப்பிடும்போது ஜனத்தையே கூப்பிடுவதுபோல் கேட்டிருக்கும். தமிழில் யெஸ்ரயேல், இஸ்ரவேல் என்று எழுதும்போது ‘ய’வும் ‘வ’வும் குறுக்கே வந்து இந்த நெருக்கத்தைக் குறைத்துவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்ல முடியாது, இஸ்ரவேல் என்ற வடிவம் நம் சபைகளில் வேரூன்றிப்போனது.

வேதமாணவன்

விதைப்பு என்ற சொல்லிலேயே ஒரு இருள் இருக்கிறது, அதையும் விடக்கூடாது. அந்தக் காலத்தில் விதைப்பது என்றால் கைநிறைய அள்ளி வீசுவது. அப்படியானால் ‘தேவன் விதைக்கிறார்’ என்பது ‘தேவன் சிதறடிக்கிறார்’ என்றும் கேட்கும். ஓசியாவுக்கான பழைய அரமேய மொழியாக்கமான தர்கூம், 1:4-இல் பெயரை அப்படியே எழுதாமல் ‘சிதறடிக்கப்பட்டவர்கள்’ என்ற பொருளில் மாற்றியே எழுதியிருக்கிறது. லத்தீன் வேதாகமத்தைத் தந்த ஜெரோமோ அதை ‘தேவனுடைய வித்து’ என்று எடுத்துக்கொண்டார். ஒரே பெயரிலிருந்து ஒருவர் சிறையிருப்பைக் கேட்கிறார், இன்னொருவர் வம்சத்தைக் கேட்கிறார்.

சகரியா 10:9-இல் இந்த இரண்டும் ஒன்றாக நிற்கின்றன. ஜனங்களுக்குள்ளே அவர்களை விதைத்தபின்பு தூரதேசங்களில் அவர்கள் தம்மை நினைப்பார்கள், பிள்ளைகளோடு பிழைத்துத் திரும்புவார்கள் என்கிறார் கர்த்தர். அசீரியா கி.மு. 733, 732-இல் அந்தச் சமவெளியையும் கலிலேயாவையும் பிடித்து ஜனங்களைக் கொண்டுபோனது (2 இராஜாக்கள் 15:29). ஏறத்தாழ பத்து ஆண்டில் சமாரியாவும் விழுந்தது. ஓசியா அந்தப் பெயரை வைத்தபோது ஜனங்கள் கேட்டது பழைய இரத்தத்தை மட்டும் என்றால், அடுத்த தலைமுறை அதில் தங்கள் சிதறலையும் கேட்டிருக்கும். 1:11-இல் ‘யெஸ்ரயேலின் நாள் பெரிதாயிருக்கும்’ என்ற வார்த்தை அவர்களுக்குத்தான் நிஜமாகத் தேவைப்பட்டிருக்கும்.

மார்ட்டின்_தூத்துக்குடி

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்ததில் எனக்குப் பிடிபட்டது இது: பெயரின் அர்த்தத்தை முதல் அதிகாரத்தில் திணிக்கக் கூடாது, இரண்டாம் அதிகாரத்தில் மறக்கக் கூடாது. அடுத்த கூட்டத்தில் 2 இராஜாக்கள் 9, 10 இரண்டையும் முதலில் வாசித்துவிட்டு ஓசியாவுக்கு வரப் போகிறோம்.

இன்னும் ஒன்று. ரோமர் 9:25, 26-இல் பவுல் ஓசியாவை எடுத்துப் பேசுகிறார். 1 பேதுரு 2:10-லும் வருகிறது. அங்கே யெஸ்ரயேல் இல்லையே?

நெகேமியா_க

ஆமாம் பிரதர், இரண்டு இடத்திலும் தம்பி தங்கையின் பெயர்தான் வருகிறது: ஜனமல்லாதவர்கள் ஜனமானது, இரக்கம் பெறாதவர்கள் இரக்கம் பெற்றது. பவுல் அதைப் புறஜாதியாருக்கும் சேர்த்து விரிக்கிறார். அதற்கு அந்த இரண்டு பெயரும் நேரடியாக உதவுகின்றன. யெஸ்ரயேல் என்பது ஒரு நிலத்தோடும் ஒரு ராஜவம்சத்தின் பழியோடும் கட்டுண்ட பெயர். அதை ரோமில் இருக்கிற சபைக்கு எழுதும் கடிதத்தில் கொண்டுவந்தால் முதலில் யெகூவின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். கிரேக்கத்தில் அது வெறும் ஊர்ப்பெயராகத்தான் நிற்கும், உள்ளே இருக்கிற விதைப்பு கேட்காது.

ரூத்_மேரி

பிள்ளைக்கு வைக்கலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. என் கருத்து, தாராளமாக வைக்கலாம். 1 நாளாகமம் 4:3-இல் யூதாவின் வம்ச அட்டவணையிலேயே யெஸ்ரயேல் என்ற பெயர் வருகிறது. ஆனால் வைக்கிற பெற்றோர் கதை முழுவதையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாதிக் கதை தெரிந்து வளர்ந்தால், பதினைந்து வயதில் ஓசியா 1:4-ஐ அவனே வாசிக்கிற நாளில் மனம் உடைந்துபோவான்.

அப்புறம் ஒரு சந்தேகம். தாவீதின் மனைவி அகினோவாம் ‘யெஸ்ரயேல் ஊராள்’ என்று 1 சாமுவேலில் வருகிறது. அவள் யேசபேல் இருந்த ஊர்க்காரியா?

அலெப்_பேத்

இல்லை சிஸ்டர். அது வேறு யெஸ்ரயேல். யோசுவா 15:55, 56-இல் யூதாவின் மலைநாட்டு ஊர்ப் பட்டியலைப் பாருங்கள்: மாகோன், கர்மேல், சீப், அதே வரிசையில் யெஸ்ரயேல். தாவீது சவுலுக்குப் பயந்து சுற்றித் திரிந்த ஊர்கள் இவை. நாபாலின் விதவை அபிகாயிலும் அந்தக் கர்மேல் பக்கத்துக்காரிதான், 1 சாமுவேல் 25:42, 43-இல் இருவருடைய கலியாணமும் அடுத்தடுத்துச் சொல்லப்படுகிறது. வடக்கே இருக்கிற யெஸ்ரயேலில் அந்த நேரம் தாவீதுக்குச் செல்வாக்கு எதுவும் கிடையாது. 1 சாமுவேல் 29:1-இல் சவுலின் சேனை பெலிஸ்தருக்கு எதிராகப் பாளயமிறங்கியிருக்கும் நீரூற்றுதான் வடக்கு யெஸ்ரயேல்.